மெடிக்கல் ஷாப் அலமாரியும் ஐந்நூறு ரூபாயும்



ஹாஸ்டல்ல மாசக் கடைசி வந்தா ரெண்டு விஷயம் ஒரே நேரத்துல காலியாகும். ஒண்ணு பர்ஸ், இன்னொண்ணு ஷாம்பூ பாட்டில். காலி பாட்டில்ல தண்ணி ஊத்திக் குலுக்கி மூணு நாள் ஓட்டினவங்க எல்லாம் மனசுக்குள்ள கை தூக்குங்க. சரி, இறக்கிடுங்க. இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

நான் கெமிக்கல் இன்ஜினியரிங், நாலாவது வருஷம். இந்த ஒரே காரணத்துக்காக எங்க ஃப்ளோர்ல எல்லாரும் ஒரு டியூபைத் தூக்கிட்டு வந்து, "ஏய், நீ கெமிக்கல்தானே, இது நல்லதான்னு பாருடி" என்று கேட்பார்கள். ரெண்டாவது வருஷம் வரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா தெரியாதுன்னு சொல்ல மனசு வருமா? நானும் பெரிய டாக்டர் மாதிரி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "ம்ம், வாங்கு, நல்லாயிருக்கும்" என்று சொல்லிவிடுவேன்.

அப்படிச் சொன்னதில் ஒண்ணு பெரிய தப்பாப் போச்சு. அந்தக் கதையைப் பின்னாடி சொல்றேன். அதுக்கப்புறம்தான் ஒழுங்கா உட்கார்ந்து படிச்சு, மாசம் ஐந்நூறு ரூபாய்க்குள்ள மெடிக்கல்லயும் ஃபேன்சி ஸ்டோர்லயும் கிடைக்கிறதை வாங்கி, என் முகத்துலயும் முடியிலயுமே சோதிச்சுப் பார்த்தேன். பசங்களே, பக்கத்தைத் தள்ளிட்டுப் போகாதீங்க. தோலுக்கும் முடிக்கும் ஆண்பால் பெண்பால் கிடையாது. உங்க ரூம்ல எத்தனை ஃபேஸ்வாஷ் இருக்குன்னு எங்களுக்கும் தெரியும்.

முதல்ல எக்ஸ்பெரிமென்ட் ஒழுங்கா இருக்கணும்

லேப்ல ஒரே நேரத்துல வெப்பநிலையையும் மாத்தி, அழுத்தத்தையும் மாத்தி, ரீடிங் எடுத்தா மேடம் என்ன சொல்வாங்க? ரெக்கார்டைத் தூக்கிப் போடுவாங்க. ஆனா முகத்துக்கு மட்டும் நாம அதைத்தான் செய்றோம். திங்கட்கிழமை புது ஃபேஸ்வாஷ், செவ்வாய்க்கிழமை புது சீரம், புதன்கிழமை புது க்ரீம். வியாழக்கிழமை பரு வந்தா எதனால வந்ததுன்னு யாருக்குத் தெரியும்?

அதனால விதி ஒண்ணு: ஒரு நேரத்துல ஒரு பொருளை மட்டும் மாத்துங்க. முகத்துல போடுறதுக்கு முன்னாடி முழங்கை உட்பக்கத்துலயோ காதுக்குப் பின்னாடியோ கொஞ்சம் தடவி ரெண்டு மூணு நாள் பாருங்க. அரிப்பு, சிவப்பு, எரிச்சல் எதுவும் இல்லைன்னா முகத்துக்குப் போங்க. அப்புறம் நாலு வாரமாவது பொறுமையா இருங்க. மேல்தோலின் செல்கள் அடியில் உருவாகி மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். ஏழே நாளில் மாற்றம் என்று ஒரு பொருள் சொன்னால், ஒண்ணு அது பொய்யா இருக்கணும், இல்லைன்னா அதுக்குள்ள இருக்கக் கூடாத ஏதோ இருக்கணும். இதை ஞாபகம் வெச்சுக்குங்க.

கழுவிவிடும் பொருளுக்குக் காசைக் கொட்டாதீங்க

என்னோட பட்ஜெட்டே ஒரே கொள்கைல ஓடுது. தடவி முப்பது விநாடியில் கழுவிவிடுகிற பொருளுக்குக் கம்மியா செலவு பண்ணு, தோல்மேல மணிக்கணக்கா உட்காரப் போற பொருளுக்கு மிச்சத்தைச் செலவு பண்ணு. அவ்வளவுதான்.

ஃபேஸ்வாஷ்ல வைட்டமின் சி இருக்கு, குங்குமப்பூ இருக்கு, தங்கத்தூள் இருக்குன்னு எழுதியிருக்கும். அரை நிமிஷத்துல அது அத்தனையும் ஹாஸ்டல் சாக்கடைக்குத்தான் போகுது. வேலை செய்வது அதிலுள்ள சர்ஃபேக்டன்ட் மட்டுமே. ஒரு முனை தண்ணியைப் பிடிக்கும், மறுமுனை எண்ணெயைப் பிடிக்கும். அழுக்கோட கலந்த எண்ணெயைச் சுத்தி வளைச்சு உருண்டையாக்கித் தண்ணியோட இழுத்துட்டுப் போயிடும். நூறு ரூபாய் ஃபேஸ்வாஷும் அதைத்தான் செய்யுது, அறுநூறு ரூபாய் ஃபேஸ்வாஷும் அதைத்தான் செய்யுது.

"அப்போ குளிக்கிற சோப்பையே முகத்துக்கும் போட்டா என்ன?" நல்ல கேள்வி. வழக்கமான சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் சோடியம் உப்பு. அதோட பிஎச் மதிப்பு 9லிருந்து 10 வரை இருக்கும். நம்ம தோலோ லேசான அமிலத்தன்மை உள்ளது, பிஎச் ஏறக்குறைய 5. தினமும் ரெண்டு மூணு தடவை சோப்பு போட்டா அந்த அமில மேலடுக்கு பாதிக்கப்பட்டு, முகம் இழுத்துப் பிடிக்கும். கழுவினதும் சுரீர்னு இழுக்கிறதைச் சிலர் 'ஃப்ரெஷ்'னு நினைக்கிறாங்க. அது தோல் காய்ந்துபோனதோட அறிகுறி. கழுவின பிறகு முகம் சாதாரணமா இருந்தா அந்த ஃபேஸ்வாஷ் உங்களுக்குச் சரி. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை போதும்.

சோப்பே வாங்குறீங்கன்னா, அட்டையில 'டிஎஃப்எம்' என்று ஒரு சதவீதம் இருக்கும். மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு அது. 76 சதவீதத்துக்கு மேல இருந்தா முதல் தரம். சில கட்டிகள்ல 'பாத்திங் பார்'னு எழுதியிருக்கும், அது வேற வகை. அதே விலை கொடுக்கிறப்போ எதை வாங்குறோம்னு திருப்பிப் பார்த்தாவது வாங்கலாமே.

டப்பாவுக்குள்ள ஒரு பெட்ரோலிய சுத்திகரிப்பு நிலையம்

உதடு வெடிப்பு, குதிகால் வெடிப்பு, டிசம்பர்ல வெள்ளை வெள்ளையா உரியும் கால். எல்லாத்துக்கும் நான் பார்த்ததுல விலைக்கேத்த வேலை செய்யறது சாதாரண பெட்ரோலியம் ஜெல்லிதான்.

இதுக்குப் பின்னாடி நம்ம துறைக்குச் சொந்தமான ஒரு கதை இருக்கு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எண்ணெய்க் கிணறு தோண்டுகிற கம்பிகளில் பிசுபிசுன்னு ஒரு மெழுகு ஒட்டிக்கிட்டு வேலையைக் கெடுத்ததாம். தொழிலாளர்கள் அதையே எடுத்து வெட்டுக்காயத்துலயும் தீக்காயத்துலயும் தடவிக்கிட்டாங்க. ராபர்ட் செஸ்பரோ என்கிற வேதியியலாளர் அதைக் கவனிச்சு, சுத்திகரிச்சு, 1872ல் காப்புரிமை வாங்கினார். வாஸ்லின் பிறந்த கதை இது.

ஜெல்லி தோலுக்கு ஈரத்தைக் கொடுக்காது. இருக்கிற ஈரம் ஆவியாகாம மூடி போடும், அவ்வளவுதான். அதனால காய்ந்த தோல்ல தடவினா பலன் கம்மி. குளிச்சுட்டு வந்து, துண்டால ஒத்தி எடுத்து, தோல் இன்னும் ஈரமா இருக்கும்போதே தடவணும். கிளிசரின் வேற மாதிரி, அது தண்ணியை இழுத்துப் பிடிச்சு வெச்சுக்கும். நல்ல லோஷன் என்பது பெரும்பாலும் இந்த ரெண்டு வேலையும் சேர்ந்ததுதான். மிச்ச விலை வாசனைக்கும் பாட்டிலுக்கும் விளம்பரத்துல வர்ற நடிகைக்கும் போகுது. முகப்பரு வரும் எண்ணெய்ப்பசைத் தோல்னா, முகத்துக்கு ஜெல்லி வேண்டாம், லேசான ஜெல் வகை லோஷன் போதும்.

சன்ஸ்கிரீன்: ஒரு சின்னக் கணக்கு

நான் அதிகமா செலவு பண்றது இதுக்குத்தான். ஏப்ரல், மே மாசத்துல சென்னையில் நண்பகல் புற ஊதாக் குறியீடு 11ஐத் தாண்டும். 11க்கு மேல் போனாலே 'மிக அபாயம்' என்பதுதான் அந்த அளவுகோலின் கடைசிப் படி.

எஸ்பிஎஃப் 30 என்றால் தோலைச் சுடும் யுவிபி கதிரில் ஏறக்குறைய 97 சதவீதத்தைத் தடுக்கும். எஸ்பிஎஃப் 50 என்றால் 98 சதவீதம். இந்த ஒரு சதவீதத்துக்காக இருநூறு ரூபாய் கூடுதலா கொடுக்கணுமா என்பதை நீங்களே முடிவு பண்ணுங்க. யுவிஏ கதிருக்கு அட்டையில 'பிஏ' பக்கத்துல எத்தனை கூட்டல் குறி இருக்குன்னு பாருங்க. மூணாவது இருக்கட்டும்.

ஆனா இந்த எண்கள் எல்லாம் லேப்ல ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் தடவிச் சோதிச்சவை. முகத்தோட பரப்பு ஏறக்குறைய 600 சதுர சென்டிமீட்டர்னு வெச்சா, ஒரு தடவைக்கு 1.2 கிராம் வேணும். ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டோட நீளத்துக்கும் பிதுக்கினா கிட்டத்தட்ட அந்த அளவு வரும். நாம என்ன பண்றோம்? கொத்தமல்லி விதை அளவு எடுத்து நெத்தி, கன்னம், மூக்குன்னு பொட்டு வெச்சுக்கிறோம். எஸ்பிஎஃப் 50 வாங்கியும் முகத்துல அதுல பாதிகூட இருக்காது.

இப்போ விலை. 50 கிராம் டியூப் 350 ரூபாய்னா, தினம் 1.2 கிராம் வீதம் 41 நாள் வரும். நாளுக்கு எட்டரை ரூபாய், ஒரு டீயை விடக் கம்மி. வெயில்லயே சுத்துறவங்க ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி தடவணும், அப்போ செலவு எகிறும். அதுக்கு என்னோட மாற்று வழி குடை. ஒரு தடவை வாங்கினா மூணு வருஷம். சர்வே கேம்ப் போற சிவில் மக்களே, குடை பிடிச்சா கிண்டல் பண்றவனை விடுங்க. ராத்திரி கழுத்து எரியறது உங்களுக்குத்தானே.

"ஹாஸ்டல் தண்ணியால முடி கொட்டுது"

இது எல்லா ஹாஸ்டலிலும் கேட்கும் வசனம். பாதி உண்மை.

போர் தண்ணியில கால்சியம், மெக்னீசியம் உப்புகள் அதிகம். சோப்பு போட்டா நுரை வராம வெள்ளையாத் திரிஞ்சு படியும். அதே படிமம் முடிமேலயும் உட்காரும். முடி சொரசொரப்பாகும், சிக்கு விழும், சீவும்போது நடுவுல உடையும். ஆனா முடியோட வேர் தோலுக்கு அடியில இருக்கு. தலையில ஊத்துற தண்ணி அங்க போய் வேரைப் பிடுங்காது. தரையில கிடக்கிற முடியை எடுத்துப் பாருங்க. ஒரு முனையில வெள்ளையா சின்ன உருண்டை இருந்தா வேரோட உதிர்ந்தது. இல்லைன்னா உடைஞ்சது. ரெண்டும் வேற வேற பிரச்சினை.

ஒரு நாளைக்கு 50லிருந்து 100 முடி உதிர்வது இயல்பு. அதிகமா உதிர்ந்தா, ரெண்டு மூணு மாசத்துக்கு முன்னாடி என்ன நடந்ததுன்னு யோசிங்க. கடுமையான காய்ச்சல், திடீர்னு சாப்பாட்டைக் குறைச்சது, பெரிய மன அழுத்தம். அப்போ பல முடிகள் ஒரேயடியா ஓய்வு நிலைக்குப் போயி, மாசம் கழிச்சு மொத்தமா உதிரும். ஃபர்ஸ்ட் இயர்ல வீட்டை விட்டு வந்து, மெஸ் சாப்பாட்டை ஒதுக்கி, பிஸ்கட்டுல வாழ்ந்து, மூணு மாசம் கழிச்சுத் தண்ணியைத் திட்டுறோம். பெண்கள் இரும்புச்சத்தும் பார்த்துக்கணும். தொடர்ந்து கொட்டினா எண்ணெய் மாத்தாம டாக்டரைப் பாருங்க, பெரும்பாலும் ஒரு ரத்தப் பரிசோதனையிலயே விஷயம் தெரிஞ்சிடும்.

சிக்குக்கும் சொரசொரப்புக்கும் மலிவான தீர்வு கண்டிஷனர். முடியின் மேற்பரப்பு எதிர் மின்சுமை கொண்டது, சேதமான நுனியில் அது இன்னும் அதிகம். கண்டிஷனரில் இருப்பது நேர் மின்சுமை கொண்ட மூலக்கூறு. எங்க சேதம் அதிகமோ அங்கேயே போய் ஒட்டிக்கும். அதனால தலையில தேய்க்காம நுனியில மட்டும் தடவுங்க. மூணு ரூபாய் சாஷேவே போதும்.

தலைக்குக் குளிக்கிறதுக்கு முன்னாடி தேங்காய் எண்ணெய் வைக்கச் சொல்லி அம்மா போன்ல கத்துவாங்களே, அதுக்கும் ஆதாரம் இருக்கு. 2003ல் வெளியான ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூணையும் ஒப்பிட்டாங்க. முடியிலிருந்து புரதம் வெளியேறுறதைக் குறைச்சது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதிலுள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சின்னது, நேரான சங்கிலி, முடிக்குள்ளேயே நுழைஞ்சிடும். அம்மாவுக்கு போன் பண்ணிச் சொல்லிடுங்க, சந்தோஷப்படுவாங்க.

சாஷே நம்ம ஊர் பிள்ளை

ஷாம்பூவைச் சின்ன பாக்கெட்ல போட்டு விற்கும் யோசனையை இந்தியாவில் வளர்த்தெடுத்தது கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன். பணக்காரங்க பாட்டில்ல வாங்குறதை எல்லாரும் வாங்கணும் என்பது அவர் எண்ணம். அவருக்குப் பின் வீட்டில் வெல்வெட் ஷாம்பூ வந்தது. அவருடைய மகன்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் 1983ல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொடங்கியதுதான் சிக் ஷாம்பூ. 'சிக்' என்பது அப்பாவின் பெயரிலிருந்து எடுத்த எழுத்துகள். காலி சாஷே அஞ்சு கொண்டுவந்தா ஒண்ணு இலவசம்னு அறிவிச்சு கிராமம் கிராமமா விற்றார்கள். இன்றைய கெவின்கேர் அங்கிருந்து வளர்ந்ததுதான்.

எங்க கேம்பஸ் வாசல் கடையில ஒரே ஷாம்பூவைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 7 மில்லி சாஷே 2 ரூபாய், மில்லிக்கு 29 பைசா. 180 மில்லி பாட்டில் 150 ரூபாய், மில்லிக்கு 83 பைசா. மொத்தமா வாங்கினா மலிவுன்னு எகனாமிக்ஸ் பேப்பர்ல எழுதினோமே, இங்க தலைகீழ்! ஆனா இதுல ஒரு உறுத்தலும் இருக்கு. சாஷே பல அடுக்குப் பிளாஸ்டிக், மறுசுழற்சி செய்றது கஷ்டம். பாத்ரூம் ஜன்னல்ல செருகிவெச்சுட்டு வராம குப்பைத்தொட்டியிலயாவது போடுங்க.

ஸ்ட்ரெயிட்னர்: இது இ.இ.இ. மக்களுக்கு

முடி கெரட்டின் என்னும் புரதம். அதுக்குள்ள ரெண்டு முக்கியப் பிணைப்பு. ஹைட்ரஜன் பிணைப்பு தண்ணியிலயும் சூட்டிலயும் அறுந்து, காய்ந்தாலோ ஆறினாலோ புது வடிவத்துல மறுபடி சேரும். டைசல்ஃபைடு பிணைப்பு ரசாயனத்துக்குத்தான் அசையும், பார்லர்ல செய்ற 'பர்மனென்ட்' வேலை அது. ஸ்ட்ரெயிட்னர் முதல் வகையை மட்டும்தான் மாத்துது. அதனாலதான் காலையில நேராக்கின முடி சென்னை ஈரக்காத்துல சாயங்காலத்துக்குள்ள பழைய சுருளுக்குத் திரும்பிடுது. மெஷின் மேல தப்பு இல்லை.

மலிவு மெஷின்களில் வெப்பத்தைக் கட்டுப்படுத்தத் திருகு இருக்காது. உள்ளே பேரியம் டைட்டனேட் அடிப்படையிலான பிடிசி செராமிக் இருக்கும். குறிப்பிட்ட வெப்பத்தைத் தாண்டினதும் அதோட மின்தடை மளமளன்னு ஏறி, மின்னோட்டம் தானா குறையும். அழகான வடிவமைப்பு! ஆனா எந்த வெப்பத்துல நிக்கணும்னு முடிவு பண்றது தயாரிப்பாளர், நீங்க இல்ல. ஒரு 600 ரூபாய் மெஷினை நாங்க லேப்ல தெர்மோகப்பிள் வெச்சுப் பார்த்தோம். தகட்டோட ஒரு ஓரத்துல 190 டிகிரி, நடுவுல 215. சாதாரண முடிக்கு 150லிருந்து 180 போதும். அதனால 400 ரூபாய் கூடக் கொடுத்தாவது வெப்ப அளவை மாத்தக்கூடியதா வாங்குங்க, இல்ல நாலு பேர் சேர்ந்து ஒண்ணு வாங்குங்க. இருக்கிறதையே பயன்படுத்துறீங்கன்னா, வெள்ளை டிஷ்யூ பேப்பரை அஞ்சு விநாடி தகட்டுக்கு நடுவுல பிடிங்க. பழுப்பானா முடிக்கும் அது அதிகம்.

ஈர முடியில மட்டும் வைக்கவே வைக்காதீங்க. 'ஸ்ஸ்ஸ்'னு சத்தம் வருதே, முடிக்குள்ள இருக்கிற தண்ணி கொதிச்சு நீராவியாகுற சத்தம் அது. அந்தக் குமிழ் முடியை உள்ளிருந்தே பிளக்கும். எந்த சீரமும் அதைத் திரும்ப ஒட்டாது.

இன்னொண்ணு, வார்டன் மேடம் படிச்சாலும் பரவாயில்லை, சொல்லிடறேன். ஸ்ட்ரெயிட்னர் 35 வாட் மாதிரிதான் இழுக்கும். ஹேர் ட்ரையர் 1200 வாட். 230 வோல்ட்ல 5.2 ஆம்பியர். நம்ம ரூம் சாதா சாக்கெட் 6 ஆம்பியர். அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல பக்கத்துக் கட்டில்காரி 1500 வாட் கெட்டில்ல மேகி போட்டா மொத்தம் 11.7 ஆம்பியர். பிளக் உருகிற வாசனை வந்தப்புறம் ஓம் விதியை ஞாபகப்படுத்திப் பிரயோஜனம் இல்லை.

அந்த நைட் க்ரீம்

இப்போ அந்தக் கதை.

போன வருஷம் ப்ளேஸ்மென்ட் சீசனுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, என் ரூம்மேட் ஒரு சின்ன டப்பாவைக் கொண்டுவந்தா. ஊர்ல ஒரு ஃபேன்சி ஸ்டோர்ல வாங்கினது. "இன்டர்வியூக்குள்ள கொஞ்சம் கலர் வந்துட்டா நல்லாயிருக்கும்ல" என்றாள். டப்பா மேல ஒரு பூ படம், ஏதோ வெளிநாட்டு எழுத்து. உள்ளே என்ன இருக்குன்னு ஒரு வரி இல்லை. தயாரிப்பாளர் பேர் இல்லை. என்கிட்டதான் கேட்டா. நான் முகர்ந்து பார்த்துட்டு, "போடுடி, ஒண்ணும் ஆகாது" என்றேன்.

பத்தே நாளில் முகம் பளிச்சுன்னு ஆச்சு. பரு எல்லாம் மறைஞ்சது. ஃப்ளோர்ல ஆறு பேர் அவகிட்ட கடை விலாசம் கேட்டாங்க. அஞ்சாவது வாரம் டப்பா தீர்ந்தது. தீர்ந்த நாலாம் நாள் முகம் நெருப்பு மாதிரி சிவந்து, எரிஞ்சு, கன்னம் முழுக்கப் பொரிப்பொரியா வந்தது. ஃபேன் காத்து பட்டாலே எரியுதுன்னு துப்பட்டாவால மூடிக்கிட்டுப் படுத்திருந்தா. தோல் டாக்டர் டப்பாவைப் பார்த்ததுமே ஸ்டீராய்டு கலந்திருக்கும்னு சொல்லிட்டார்.

ஸ்டீராய்டு க்ரீம் முதல்ல ரத்தக் குழாய்களைச் சுருக்கும், நிறமியைக் குறைக்கும், அழற்சியை அடக்கும். அதான் அந்தப் பளபளப்பு. கூடவே தோலையும் மெலிசாக்கும். நிறுத்தினதும் குழாய்கள் ஒரேயடியா விரிஞ்சு எல்லாம் பல மடங்காத் திரும்பி வரும். பயந்துபோய் மறுபடி தடவுவோம், சரியாகும், மறுபடி நிறுத்த முடியாது. இந்தச் சுழலில் சிக்கிய முகத்துக்கென்றே நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் தனியாக ஒரு நோய்ப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால், எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

பாதரசம் இன்னொரு ஆபத்து. நிறமி உருவாவதைத் தடுப்பதால் சிவப்பழகு க்ரீம்களில் திருட்டுத்தனமாகச் சேர்க்கிறார்கள். தோல் வழியா உள்ளே போய் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரளாவின் மலப்புரம் பகுதியில் இத்தகைய க்ரீம் போட்டவர்களுக்குச் சிறுநீரக நோய் வந்ததை அங்குள்ள மருத்துவர்கள் கண்டறிந்த செய்தி 2023ல் வெளிவந்தது. 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி, கண்ணைச் சுற்றிப் போடுபவை தவிர்த்த பொருள்களில் தற்செயலாகக் கலந்த பாதரசம்கூட பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

அவளுக்கு அந்த முதல் கம்பெனி கிடைக்கலை. கோடிங் ரவுண்டுலயே போயிடுச்சு. "ப்ரோக்ராம் தெரியாம இல்லடி. கேமரால என் முகம் எப்படித் தெரியுதுன்னே யோசிச்சிட்டு இருந்தேன்" என்றாள். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. தோல் சரியாக ஏழு மாசம் ஆச்சு. பிறகு மார்ச்ல வேற கம்பெனி கிடைச்சது. அவ நிறம் அப்பவும் பழைய நிறம்தான், இன்டர்வியூல யாரும் அதைக் கேட்கலை. 1975ல் வந்த ஒரு க்ரீம் 2020ல் பேரிலிருந்து 'ஃபேர்' என்ற வார்த்தையை எடுத்துடுச்சு. நம்ம வீட்டுப் பேச்சுல இருந்து அது இன்னும் போகலை.

அட்டையைத் திருப்புங்க: அரை நிமிஷப் பரிசோதனை

1. தயாரிப்பாளர் பேர், முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதி தேதி, உட்பொருள் பட்டியல். இதுல ஒண்ணு இல்லைன்னாலும் கீழ வெச்சுடுங்க. வெளிநாட்டுப் பொருள்னா இறக்குமதி செய்தவர் பேரும் பதிவு எண்ணும் இருக்கணும்.

2. பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன், ஹைட்ரோகுவினோன். இந்தப் பெயர்களில் ஏதாவது இருந்தா அது அழகுப் பொருள் இல்லை, மருந்து. டாக்டர் சீட்டில்லாம மெடிக்கல்ல எடுத்துக் கொடுத்தாலும் வாங்காதீங்க. ஏற்கெனவே போட்டுட்டு இருந்தா, நீங்களா திடீர்னு நிறுத்தாம தோல் டாக்டர்கிட்ட டப்பாவோட போங்க. அவர் நிறுத்தும் முறையைச் சொல்வார்.

3. உட்பொருள்கள் அளவில் அதிகமானதிலிருந்து குறைந்ததுக்கு வரிசையா இருக்கும். ஒரு சதவீதத்துக்குக் கீழ உள்ளவை மட்டும் எந்த வரிசையிலும் வரலாம். ஃபீனாக்ஸிஎத்தனால் என்கிற பாதுகாப்புப் பொருளைப் பொதுவா ஒரு சதவீதத்துக்கு மேல சேர்க்க மாட்டாங்க. முன்பக்கம் பெரிசா போட்ட கற்றாழை, பட்டியல்ல அதுக்குப் பின்னாடி இருந்தா, நீங்க வாங்குறது கற்றாழைப் படம்.

4. மூடி திறந்த டப்பா படத்துக்குள்ள 6 அல்லது 12 என்று எண் இருக்கும். திறந்தபின் அத்தனை மாதம்தான் ஆயுள்.

5. கண் மையை மட்டும் ஃப்ளோர் முழுக்கச் சுத்தவிடாதீங்க. மெட்ராஸ் ஐ வர்ற சீசன்ல ஒரே மை எட்டு கண்ணுக்குப் போகும்.

மாசக் கணக்கு

சன்ஸ்கிரீன் 250, ஃபேஸ்வாஷ் 50 (ரெண்டு மாசம் வருது), லோஷனும் ஜெல்லியும் 60, ஷாம்பூ சாஷே 25, கண்டிஷனர் சாஷே 35, தேங்காய் எண்ணெய் 50. மொத்தம் 470. மீதி 30 ரூபாய்க்கு ரெண்டு டீ.

இப்பவும் ஃப்ளோர்ல டப்பாவோட வர்றாங்க. "இது நல்லதான்னு பாருடி" என்று கேட்கிறாங்க. நான் அட்டையைத் திருப்பிப் படிக்கிறேன். புரியலைன்னா "எனக்குத் தெரியலடி, டாக்டர்கிட்ட கேளு" என்று சொல்கிறேன். அப்படிச் சொல்ல ரெண்டு வருஷம் முன்னாடியே பழகியிருக்கணும். உங்க ரூம்லயும் யாராவது ஒரு டப்பாவை நீட்டினா, முகர்ந்து பார்க்கிறதோட நிறுத்திடாதீங்க. திருப்பிப் படிச்சுட்டுச் சொல்லுங்க.